ஞானத்தகப்பன் பெயர் இல்லாத வழக்கு

கிறிஸோஃபோரோ ஒல்மேதோ என்ற பெயரை முதலில் என் தம்பி மனைவி நிக்கோலாசா சொல்லித்தான் கேட்டேன். தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு அவன்தான் ஞானத்தகப்பன் என்று பூரித்துப் போயிருந்தாள். எலுமிச்சைப் பெட்டி கட்டும் கொட்டகையில் அவன் தலைமை மேஸ்திரி. அங்கே அவளோடு வேலை பார்த்த பெண்களின் பிள்ளைகளில் பாதியை ஞானஸ்நானத்தில் அவன்தான் ஏந்தினான். பாசமா? கணக்கு! பிள்ளையை ஏந்தியவனை எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவாள்?

காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கும்வரை பெண்களை வாசலில் நிறுத்தி வைப்பான். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. பொறுத்துப் பார்த்துக் கடைசியில் வழக்குப் போட முடிவு செய்தார்கள்.

வக்கீல் பெண் தலைப்பாடாகச் சொன்னாள்: "கம்பெனி வேற மாநிலம், ஐடஹோக்காரங்களோடது. அவங்க மேல மட்டும் போட்டா ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாங்க. அங்க வருஷக்கணக்குல காத்துக் கிடக்கணும். நம்ம மாநிலத்து ஆளு, கலிபோர்னியாக்காரன் ஒருத்தனையும் சேர்த்தா கேஸ் இங்கயே நிக்கும். மேஸ்திரி பேரைப் போடுங்க."

"ஐயோ, அவர் எங்க கொம்பாத்ரே, ஞான உறவு! பிள்ளைய ஏந்தினவரைக் கோர்ட்டுக்கு இழுத்தா சாமி கண்ணக் குத்திரும்," என்றாள் நிக்கோலாசா. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவன் பெயர் இல்லாமலே வழக்குப் போட்டார்கள். கம்பெனி அதை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போயே போய்விட்டது. எலுமிச்சை முடிந்ததும் இந்தப் பெண்கள் செர்ரி பறிக்க வடக்கே போவார்கள்; பாதிப் பேர் திரும்புவதில்லை. கிளம்புமுன் விசாரணை வராவிட்டால் சாட்சி சொல்ல ஆளிருக்காது.

அந்தச் சமயத்தில் நிக்கோலாசா மகளின் பிறந்தநாளுக்கு மேஸ்திரி வந்தான், வெட்கமில்லாமல். இரண்டாம் கிண்ணம் பொசோலே சூப்பை உறிஞ்சிக்கொண்டே இளித்தான்.

"பெரிய கோர்ட்டுக்குப் போயிட்டீங்களாமே, கொமாத்ரே! நல்ல செருப்பா வாங்கிக்குங்க, ரொம்ப நாள் நிக்கணும்."

"நின்னு பழக்கந்தான், கொம்பாத்ரே. பழக்கிவிட்டதே நீங்கதானே? சாப்பிடுங்க. நாளைக்கு உங்க பேரும் கேஸ்ல ஏறும்," என்றாள் நிக்கோலாசா.

கரண்டி நின்றது. "பிள்ளையோட ஞானத்தகப்பனையா?"

"பிள்ளைக்குத்தான் தகப்பன். எனக்கு மேஸ்திரி."

கம்பெனி வக்கீல் குதித்தார். ஆனாலும் நீதிபதி அவன் பெயரைச் சேர்க்கவிட்டு, வழக்கை எங்கள் கவுண்டி கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார். வடக்கே கிளம்புமுன் எல்லாப் பெண்களும் சாட்சி சொன்னார்கள். யாரையும் நிற்கவைக்கவில்லை என்று பைபிள் மேல் சத்தியம் செய்தான் அந்தப் புண்ணியவான். யாரும் நம்பவில்லை. கூலி வந்தது.

கம்பெனி அவனைக் கைகழுவியது. இப்போது மதேரா ஊரில் தன் மூத்த மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான்.