கறுப்புப் பலகாரத்தில் ஒரு வெள்ளிக் காசு

உத்திரமேரூருக்கு மூன்று கல் தள்ளி அமெரிக்க மிஷன்காரர்கள் ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அங்கே எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கோட்டடித்தவனுக்கு அது கிடைத்ததற்கு ஒரே காரணம், டப்பாமேல் இருக்கிற இங்கிலீஷை நான் சத்தமாகப் படிப்பேன். அர்த்தம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

ஸ்டோர் என்பது தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் டின் எல்லாம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து, லாரியில் வந்து, கடைசி மூன்று கல் மாட்டு வண்டியில் வரும். எனக்கு ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு குத்தூசி. அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி நாலு மணி உருவிப் பார்ப்பார்களே, அந்த இரும்பு ஊசி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, குத்துவாள் வைத்த ஜமீன்தார் மாதிரி நடப்பேன். ஒரு தடவை உட்காரும்போது அது என்னையே குத்தியது. நர்ஸம்மாதான் மருந்து போட்டாள்.

டாக்டர் அமெரிக்காக்காரர். நர்ஸம்மா இங்கிலாந்துக்காரி. வெள்ளைக்காரர் என்றால் எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு என்று ஊரைப் போல நானும் நினைத்திருந்தேன். ஒரு டிசம்பரில் நர்ஸம்மாவுக்கு அவள் அக்கா சீமையிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். அதை ஸ்டோரில் வைத்துப் பிரித்தபோது டாக்டரின் பெண்சாதியும் வந்து நின்றாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். ஒரு ஜாடியைத் திறந்து காட்டி, இது என்ன என்று என்னையே கேட்டாள். கன்னங்கரேலென்று பசை மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் வண்டி அச்சுக்குப் போடுகிற மை அச்சாக அப்படித்தான் இருக்கும். "மாட்டு வண்டிக்கு, அம்மா" என்றேன். அவள் நம்பிவிட்டாள். ரொட்டியில் தடவித் தின்கிற சாமான் என்று நர்ஸம்மா வந்து சொன்னபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி அருவருத்தோம். அந்த ஒரு நிமிஷம் அமெரிக்காவும் உத்திரமேரூரும் ஒரே கட்சி.

இன்னொரு பொட்டலத்தில் உருளைக்கிழங்கு வறுவல். உள்ளே நீலக் காகிதத்தைத் திருகி, அதற்குள் வெள்ளைப் பொடி. ஆஸ்பத்திரியில் காகிதம் மடித்துப் பொடி கொடுத்தால் அது மருந்துதான், வேறென்ன. எண்ணெய்ப் பண்டம் தின்றால் வயிறு கெடும் என்று கூடவே மருந்தும் வைத்து அனுப்பியிருக்கிறார்களே, என்ன நாகரிகம் என்று வியந்தேன். எனக்கு அன்று வயிற்றுவலி. ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டுக் குடித்தேன். வலி நின்றுவிட்டது. அது உப்பு என்று சாயந்திரம் தெரிந்ததும் திரும்பி வந்தது.

பெட்டியின் அடியில் ஒரு பீங்கான் கிண்ணம், துணியால் வாய் கட்டி. உள்ளே கறுப்பாக, கனமாக, திராட்சையும் பழத்தோலும் போட்டு வேகவைத்த ஒரு பலகாரம். அதைச் செய்து எட்டு மாசம் ஆகிறதாம். நம் வீட்டில் எட்டு மணி நேரம் ஆனாலே மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கும். நர்ஸம்மா கதவைப் பார்த்துவிட்டுத் தன் மிஷன் தமிழில் ரகசியம் சொன்னாள். "உள்ளே ஒரு வெள்ளிக் காசு உண்டு. யாருடைய துண்டில் அது வருகிறதோ, அவருக்கு வருஷம் முழுதும் நன்மை உண்டாகும். காசு அவருக்கே சொந்தம். நீ ஒருவருக்கும் சொல்லாதே. கண்டெடுக்கிறவர் ஆச்சரியப்பட வேண்டும்."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. குத்தூசியை எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பலகாரத்தை ஏழு இடத்தில் குத்தினேன். ஏழாவதில் டக்கென்றது. அந்த இடத்துக்கு நேர் மேலே நகத்தால் பிறை மாதிரி ஒரு கீறல் போட்டு, துணியைக் கட்டி வைத்தேன். இரண்டு தடவை கோட்டடித்தவனுக்கு வருஷம் முழுதும் நன்மை என்றால் சும்மாவா.

மறுநாள் வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள். நர்ஸம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மேலே ஒரு தட்டை வைத்து மூடி, அப்படியே கவிழ்த்தாள். என் கீறல் அடியில் போயிற்று. கவிழ்த்துத்தான் பரிமாறுவார்கள் என்று எந்த டப்பாவிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு குத்துமதிப்பில் முண்டியடித்து ஒரு துண்டை வாங்கினேன். தாடை வலிக்க மென்றேன். திராட்சைதான்.

காசு யாருக்கு வந்தது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நான் மட்டும்தான் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த, சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்தாள். முந்தியில் முடிந்துகொண்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வீடு, சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அவள் மாமியார் எங்கள் கழனியில் நட்டாள், அப்புறம் இவள் நட்டாள். பாதிரியார் சொல்லித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தாள். மாசச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு, வேலை செய்யும்போது தலைக்கு மேலே கூரை. இந்த வேலை போனால் அவளுக்குத் திரும்பவும் எங்கள் கழனிதான், வேறு போக்கிடம் இல்லை. எங்கள் நைனா இரண்டு வருஷமாக அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். "வெள்ளைக்காரன் எச்சித் தட்டு இனிக்குது, நம்ம சேறு கசக்குதா அவளுக்கு" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார்.

என்னிடம் அவளுக்கு மரியாதை. நான் இங்கிலீஷ் படிப்பவன் ஆயிற்றே. அமெரிக்காவில் பசு மாட்டையே வெயிலில் காயவைத்து இடித்துத்தான் பால் பவுடர் செய்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். அவள் ஒரு வாரம் பால் பவுடரைத் தொடவில்லை.

துண்டு கொடுத்து முடிப்பதற்குள் புள்ளலூரிலிருந்து ஒரு பிரசவ கேஸ் வண்டியில் வந்தது. குழந்தை குறுக்கே நின்றுவிட்டதாம். டாக்டரும் நர்ஸம்மாவும் ஓடினார்கள். காசைப் பற்றிக் கேட்கவோ சொல்லவோ யாரும் இல்லை. நான் சமையல்கட்டுக்குப் போனேன்.

"முந்தியில இன்னா முடிஞ்சிக்கினு கீற?"

அவள் உடனே அவிழ்த்துக் காட்டினாள். "பல்லுல தட்டுச்சு ஸ்டோரய்யா. நர்ஸம்மா கையிலருந்து தவறி உயுந்துட்டிருக்கும் போல. பிரசவம் ஆனதும் குடுத்துடறேன்."

காசு மினுங்கியது. ஒரு பக்கம் ராணி தலை. ஏழு குத்துக் குத்தி நான் தேடியது அவள் உள்ளங்கையில் சோப்பு நுரையோடு கிடந்தது. அந்த எரிச்சலுக்கு விளையாட்டு என்று பெயர் வைத்தேன்.

"குடுத்துட்டா ஆச்சா? ராணி தலை போட்ட காசு. ஒரு வாரமா தேடிக்கினு கீறாங்க. போலீசுக்கே எழுதிக் குடுத்தாச்சு. அந்தக் காயிதத்தை நான்தான் படிச்சேன்."

"நான் எடுக்கல சாமி. பலகாரத்துல இருந்துச்சு."

"பலகாரத்துல காசு இருந்துச்சுன்னு ஸ்டேசன்ல சொல்லிப் பாரு. ரெண்டு அறை சேத்து உடுவான்."

"நெசமாவா சாமி?"

"சத்தியமா."

அவள் ஈரக் கையால் காதில் இருந்த பித்தளைத் தோட்டைத் திருகிக்கொண்டே நின்றாள். ஸ்பூன் திருடினான் என்று போன வருஷம் ஒரு வார்டு பையனை டாக்டர் அன்றைக்கே அனுப்பியதை அவளும் பார்த்திருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு இருமினேன். சாயந்திரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சாயந்திரம் பார்த்தால் அவள் இல்லை. மறுநாளும் வரவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸம்மா, "காசு யாருக்கு? எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கேட்போம்" என்று உற்சாகமாக வந்தாள். வராதவளிடமும் ஆள் அனுப்பிக் கேட்பாள். அவளோ போலீஸ் என்று நான் சொன்னதைச் சொல்வாள். என் வேலை போய்விடும்.

"நான் முழுங்கிட்டேம்மா" என்றேன்.

இந்த மாதிரி சமயோசிதம் பரீட்சையில் வந்திருந்தால் நான் கலெக்டர். நர்ஸம்மா சிரிக்கவில்லை. என்னை வார்டில் படுக்கவைத்து, ஒரு டம்ளர் விளக்கெண்ணெய் கொடுத்து, மேற்பார்வைக்குக் கம்பவுண்டரையும் போட்டாள். இரண்டு நாள், என்னிடமிருந்து வந்ததையெல்லாம் அவர் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"இன்னும் வரலியேடா. வட்டிக்கு உட்டுட்டியா உள்ள?" என்பார்.

மூன்றாம் நாள், தானாகப் போயிருக்கும், தெரியாமல் விட்டிருப்போம் என்று விடுவித்தார்கள். அன்று சனிக்கிழமை. சொல்லாமல் நின்றுவிட்ட ஆளுக்காகச் சனிக்கிழமை வரை பார்ப்பேன், திங்கட்கிழமை வேறு ஆள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது. வேட்டியைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையைத் தாண்டி நடந்தேன்.

என்னைக் கண்டதும் அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"போலீஸ் வந்துகீதா சாமி?"

"போலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன். அது உன் காசு. பலகாரத்துல காசு போட்டு வேக வெக்கிறது அவங்க வழக்கம். எடுத்தவங்களுக்கு வருசம் பூரா நல்லது. நர்ஸம்மாவே சொன்னாங்க. இன்னிக்கே வந்துடு, வேலை அப்படியே கீது."



"திங்கற பண்டத்துல காசைப் போட்டு வேக வெப்பாங்களா சாமி? பல்லு போயிடாது?"

"சத்தியமா சொல்றேன்."

"அன்னிக்கும் சத்தியம்தானே பண்ணீங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். "என்னைக் கூட்டிக்கினு வரச் சொல்லி டாக்டரய்யா அனுப்பிச்சாரா? காசு இப்ப என்னாண்ட இல்ல. ஏரியில போட்டுட்டேன். வூட்டை வேணும்னா பாத்துக்குங்க."

சட்டிகளைக் கவிழ்த்துக் காட்டினாள். பாயை உதறிக் காட்டினாள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன். அவள் பிள்ளையின் பால் டம்ளரைக்கூடத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள்.

நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் நம்பியிருப்பாள். நர்ஸம்மாவைச் சொல்லவைக்க, முதலில் நான் வாயைத் திறக்க வேண்டும். ஏழு குத்தையும், போலீஸையும், விளக்கெண்ணெயையும் வரிசையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் கடைசியில் எனக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை சமையல்கட்டில் புது ஆள் தட்டு கழுவினாள்.

தை மாசம் நவரை நடவு. நைனாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வரிசையில் நாலாவதாக அவள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நைனா வரப்பில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"உன்னாலதான் வந்துட்டாளாமே. கம்பவுண்டர் வூட்டுல பேசிக்கினாங்க, நீ இன்னாவோ மெரட்டினியாம்." என் தோளைத் தட்டினார். "பெத்ததுக்கு ஒரு காரியம் பண்ணிகீறேடா."

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைப் பாராட்டியதாக ஞாபகம் இல்லை.

நாற்றுமுடி எடுக்க அவள் வரப்போரம் வந்தபோது, நைனா காதில் விழாமல் கேட்டாள். "ஸ்டோரய்யா, நர்ஸம்மா இன்னும் தேடறாங்களா?"

இன்னொரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். நைனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. உட்டுட்டாங்க. நான் பேசி முடிச்சிட்டேன்."

சேற்றுக் கையைக் கூப்பினாள். "நீங்க நல்லாருக்கணும் சாமி" என்று சொல்லிவிட்டு, முடியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போய்க் குனிந்தாள்.