ஓட்டுச்சாவடியில் என் ஊதா விரல்கள்

சிதம்பரம் வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், ஓட்டுச்சாவடி அலுவலர் என் கையையே பார்க்கிறார்.

"ஏம்மா, ஏற்கெனவே போட்டுட்டு வந்துட்டீங்களா?"

இடது கையில் மூன்று விரல்கள் ஊதா. நேற்று நான் வேலை பார்க்கும் பரங்கிப்பேட்டை மீன் ஆய்வு லேபில் கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் நின்ஹைட்ரின் என்ற மருந்தைக் கலந்ததன் பலன்.

"இது ஓட்டு மை இல்ல சார். மீன்ல இருக்குற அமீன்ங்கிற ரசாயனம் எங்க லேப் மிஷினுக்குத் தெரியாது. இந்த மருந்து சேர்த்தா ஊதாவாயிடும், அப்புறம் தெரியும். நம்ம தோல்லயும் அந்தச் சங்கதி இருக்கு, அதான் புடிச்சிக்கிச்சி."

"கழுவிட்டு வரலாம்ல?"

"கழுவுனா போவாது சார். தோல் உரிஞ்சாதான் போவும்."

பின்னால் நின்ற அக்கா, "சீக்கிரம் முடிங்க, போய் சோறு வடிக்கணும்" என்றார்.

பட்டியலில் என் பெயருக்கு நேரே ஓட்டுப் போட்டதற்கான குறி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள். கறைபடாமல் மிச்சமிருந்த மோதிர விரலில் மை வைத்தார்கள்.

இன்று முழுக்க இது ஓட்டு மை இல்லை என்று மன்றாடியாயிற்று. நாளை, கையுறை விஷயத்தில் கறாரான எங்கள் லேப் மேடத்திடம், நான்கு விரலிலும் இருப்பது ஓட்டு மைதான் என்று சொல்ல வேண்டும்.

நம்புவாரா?