காப்புக் கட்டிய பிறகு வந்த ரிசல்ட்

கையில் கட்டிய மஞ்சள் கயிற்றின் ஈரம் காயவில்லை, ரிசல்ட் வந்துவிட்டது. டைனமிக்ஸ் ஃபெயில். அதே பாடம், இரண்டாவது முறை.

கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு அப்போதுதான் பாயா ரும்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். அம்மா சமையலறையில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியை மூடித் திறந்தேன். மறுபடியும் மூடித் திறந்தேன். வீட்டுக்குள் இணையம் சரியில்லாமல் தப்பாகக் காட்டுகிறதோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலிலும் ஃபெயில்தான்.

ஆத்தாவின் பிள்ளைகளே, நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குருபோங் பக்கம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் கட்டிய மாரியம்மன் கோயில் எங்களுடையது. தோட்டம் போய் இப்போது சுற்றிலும் தொழிற்சாலைகள். வேண்டியது நடந்த பிறகு, ஆடித் திருவிழாவில் நேர்த்திக்கடனாகப் பால்குடம் எடுப்பது அங்கே வழக்கம். தலையில் குடத்தைப் பார்த்தாலே, என்ன நல்லது நடந்தது என்று விசாரிப்பார்கள். காப்புக் கட்டிய பிறகு குடம் எடுக்காமல் பின்வாங்கவும் கூடாது. என் அம்மாவோ, "ஆத்தா கைவிட மாட்டா, நீ பாஸ்தான்" என்று ரிசல்ட் வருவதற்கு முன்பே என்னைக் கூட்டிப்போய்க் காப்புக் கட்டவைத்துவிட்டார். நம்பிக்கை அவருக்கு. மாட்டிக்கொண்டது நான்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தார்.

"இன்னும் ஒரு தடவை எழுதலாம் இல்ல?"

"கடைசித் தடவைம்மா. அதுலயும் போச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"சரி. குடத்தை எடு. பாஸானாத்தான் ஆத்தா மூஞ்சியப் பார்ப்பியா?"

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பேரங்காடி வரிசையில் முன்பின் தெரியாதவரிடம்கூட, "மூத்தவ இஞ்சினியருக்குப் படிக்கிறா" என்பார். அந்த வாய் அன்று அடைத்துப்போயிருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

திருவிழா வரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. வீட்டுக்கும் வேலிக்கும் நடப்பேன். குருபோங் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்கே போய்விடலாமா என்று நினைப்பேன். அடுத்த நிமிடம் கோலாலம்பூரில் இருக்கும் தோழியிடம் ஓடிவிடலாம் என்று தோன்றும். ஓடவும் முடியாது, கையில் காப்பு. பூசை அறையில் நின்று, "என் படிப்பைக் காப்பாத்து" என்று கேட்பேன். அந்த வாய் மூடுவதற்குள், "ஊர்வலத்துல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது, இல்லாட்டி மழையைக் கொட்டவிடு" என்றும் கேட்பேன். இரண்டாவதைத்தான் உருகி உருகிக் கேட்டேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

மழை வரவில்லை. கொளுத்தும் வெயில். பெரிய ரோட்டோரப் பிள்ளையார் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். உருமி மேளம் முழங்கியது. பத்தடி நடப்பதற்குள் எங்கள் வரிசைவீட்டு ஆண்டி ஒருவர் ஓரத்திலிருந்து கையசைத்தார்.

"சங்கீதா! பாஸ் பண்ணிட்டியா? கான்வோ எப்போ?"

பட்டமளிப்பு விழாவைத்தான் கேட்கிறார். சிரித்து மழுப்பினேன். அடுத்தவர் கேட்டார். மழுப்பினேன். மூன்றாவது ஆளிடம் எனக்கே அலுத்துவிட்டது. "இல்ல ஆண்டி. ஃபெயில்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ... பரவால்ல லா" என்று சொல்லிவிட்டு என் அம்மாவைத் தேட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. குடம் மட்டும் கொஞ்சம் ஆடி, தோளில் பால் வழிந்தது.

அப்போது எனக்குப் பக்கத்தில் நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். தேவிகா. இடைநிலைப் பள்ளியில் என் வகுப்பு. அவள் பாலிடெக்னிக் போனாள், நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிக்கப் போனேன், அதோடு பேச்சு விட்டுப்போயிருந்தது. அவளும் டிப்ளோமாவில் ஒருமுறை தோற்று, பிறகு தேறி, அந்த வேண்டுதலுக்காகக் குடம் எடுத்திருந்தாள்.

"எதுல போச்சு?"

"டைனமிக்ஸ்."

"எனக்கும் அதான். பேப்பர்ல எந்த இடத்துல போச்சு?"

"தெரியல" என்றேன்.

"ரெண்டு தடவையுமா? லெக்சரர்கிட்ட பேப்பரைக் காட்டச் சொல்லிக் கேக்கலையா?"

"எப்படிடி கேக்கறது? வெக்கமா இருக்காதா?"

"இத்தனை பேருக்கு நடுவுல ஃபெயில்னு சொல்லிட்டு வர. இதுக்கு மேல என்னடி வெக்கம்? மெதுவா நட, பால் சிந்துது பாரு."

அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் இடித்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்றுதானே நான் வேண்டினேன்? ஆத்தா அதற்கு நேர்மாறாக ஓர் ஆளை அனுப்பி, நான் என்னிடமே கேட்காத கேள்வியைக் கேட்க வைத்தாள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, என் பாலை அம்மன் தலையில் ஊற்றியபோது தேம்பித் தேம்பி அழுதேன். ஃபெயிலானதற்காக அழவில்லை. தோற்றுப்போய் வந்தவள் கொண்டுவந்த பாலையும் ஆத்தா வாங்கிக்கொண்டாளே, அதற்காக.

வகுப்பு தொடங்கியதும் முதல் வேலையாக விரிவுரையாளர் அறைக்குப் போனேன். மலாய்க்காரப் பெண்மணி, கறாரானவர். அவருக்குப் பயந்து கடைசி வரிசையில் ஒளிந்தே இரண்டு பருவங்களை ஓட்டியவள் நான். அவர் என் விடைத்தாளை எடுத்து வைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் மேலே இருந்த வெற்றிடத்தைப் பேனாவால் தட்டினார். "படம் எங்கே? ஏன் இவ்வளவு அவசரம்?" என்று மலாயில் கேட்டார்.

எந்த விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று முதலில் படம் போட்டுப் பார்க்க வேண்டும். நேரம் போய்விடும் என்று நான் அதை விட்டுவிட்டு நேராகச் சூத்திரத்துக்குத் தாவியிருந்தேன். உராய்வைச் சில இடத்தில் மறந்திருந்தேன், சில இடத்தில் எதிர்ப்பக்கம் போட்டிருந்தேன். கணக்குக்குக் கணக்கு அதே கதை. முதல்முறை தோற்றபோது, பயிற்சி போதவில்லை என்று நினைத்து நூற்றுக்கணக்கில் கணக்குப் போட்டேன். அதாவது, அதே தவறை இன்னும் வேகமாகச் செய்யப் பழகியிருந்தேன்.

அதன் பிறகு வாரந்தோறும் அவர் அறைக்குப் போனேன். படங்களை வரைந்து தேவிகாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உராய்வு எங்கடி?" என்று மட்டும் பதில் வரும்.

கடைசித் தேர்வில் மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும் கை சூத்திரத்துக்குப் பாய்ந்தது. காப்பு இருந்த மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மெதுவாக நட, பால் சிந்தும். படத்தைப் போட்டேன்.

சி கிடைத்தது. வெறும் சி. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சி-ன்னா பாஸ்தானே?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அழுகைச் சத்தம்தான் கேட்டது.

என் கால் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை, இதை எழுதும்போதும் ஆடுகிறது. ஆனால் ஓடி ஒளிவதை நிறுத்திவிட்டேன். எந்தப் பாடத்தில் அடி வாங்கினாலும் முதலில் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். இந்த ஆடிக்கும், ரிசல்ட் வரும் முன்பே அம்மா காப்புக் கட்டிக்கொள்ளச் சொன்னார். இந்த முறை நானே கையை நீட்டினேன்.

படிப்பில் விழுந்து, எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வருகிற தம்பி தங்கைகளே, பாஸான பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். தோற்ற கையோடு வாருங்கள். வழியில் யாராவது பாஸா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு நடங்கள். குடத்தை ஆத்தா வாங்கிக்கொள்வாள்.