பீமராவின் மீன்கொத்தி

தான் வரைந்த ஒரு கதவு மரத்தில் உருவாக வேண்டும் என்பதைத் தவிர பீமராவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மாட்டுவதற்குச் சொந்த வீடு கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடுதான். மாட்டாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை செதுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பார்.

அரியமங்கலத்தில் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு அடுத்தது அரவிந்தனுடைய மரப் பட்டறை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மெஷின் அதை அப்படியே தேக்குப் பலகையில் குடைந்துவிடும். வரைகிறவர் பீமராவ். வருகிற ஆட்களெல்லாம் செல்போனை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். அதே மயில், அதே யானை, அதே லட்சுமி. மனுஷன் வருஷக்கணக்கில் அடுத்தவன் கதவையே நகல் எடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கிற எனக்கே எரிச்சலாக வரும். அவருக்கு வராது.

பிறகு சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து ஜீயபுரம் போய்க் காவிரிக் கரையில் உட்கார ஆரம்பித்தார். பார்த்ததைப் பென்சிலில் கிறுக்கி வந்து, பட்டறை வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் வரைவார். வாழை, நாணல், கரண்டுக் கம்பியில் ஒரு மீன்கொத்தி. அதுதான் அவர் கதவு.

"ஆயுத பூஜை முடிஞ்சதும் மொத வெட்டு உங்க கதவுதான் சார்" என்று அரவிந்தன் வாக்குக் கொடுத்திருந்தான். நல்ல பையன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கே இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதில் இரண்டு இயங்குதளங்கள். படம் வரைவது விண்டோஸில், மெஷினை ஓட்டுவது லினக்ஸில். ஒன்றை விட்டு வெளியே வந்தால்தான் மற்றதற்குள் போக முடியும். பென் டிரைவ் வழியாக ஒருமுறை வைரஸ் வந்து எல்லாம் படுத்துவிட்டதால், இனி பென் டிரைவே ஆகாது என்று அரவிந்தன் சட்டம் போட்டான். ஹார்ட் டிஸ்கில் ஒரு பகுதியைப் பொதுவாக ஒதுக்கி, இரண்டு பக்கமிருந்தும் படிக்கவும் எழுதவும் வழி செய்தான். படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் இல்லை.

ஆயுத பூஜைக்காகப் பட்டறையைக் கழுவித் துடைத்தபோது, "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று பீமராவே பென்சில் தாள்களைக் குப்பையில் போட்டார். வரைந்த கதவு திரையில் விரிந்திருந்தது. விஜயதசமியன்று அந்தப் படத்தோடுதான் வேலை தொடங்க வேண்டும் என்று அவருக்கு. அதனால் ஷட் டவுன் கொடுக்காமல், திறந்தது திறந்தபடியே தூங்க வைக்கிற ஹைபர்னேட்டைக் கொடுத்தார். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள்.

விஜயதசமி காலையில் முதலில் வந்தவன் அரவிந்தன். அவர் வருவதற்குள் மெஷினைத் தயார் செய்யலாம் என்று லினக்ஸைத் திறந்தான். விண்டோஸ் முழுசாக மூடப்படவில்லை, பொதுப் பகுதியைப் படிக்கலாம், எழுத முடியாது என்று எச்சரிக்கை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக முதல் வேலையே தடைப்படுவதா? இணையத்தில் யாரோ போட்டிருந்த கட்டளையைக் கொடுத்து வலுக்கட்டாயமாகத் திறந்து, மெஷினுக்கு வேண்டிய கோப்புகளை அதில் எழுதினான்.

பீமராவ் வந்து விண்டோஸை எழுப்பினார். படம் விட்ட இடத்திலேயே இருந்தது. மீன்கொத்தியின் வாலில் ஒரு கோடு சேர்த்து சேவ் கொடுத்தார். தான் தூங்கும்போது வேறொருவர் உள்ளே வந்து எழுதியது விண்டோஸுக்குத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று தன் ஞாபகத்தில் இருந்த பழைய விவரத்தையே மேலே எழுதிவிட்டது. அடுத்த தடவை திறந்தபோது டிஸ்கைச் சோதிப்பதாகச் சொல்லி வெகுநேரம் ஓடியது. ஓடி முடிந்ததும் கதவைக் காணோம். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புத் துண்டுகள் கிடந்தன. தில்லைநகரில் டிஸ்க் மீட்டுத் தருகிறவரிடம் கொண்டு போனார்கள். "மேல எழுதிடுச்சுங்க, வராது" என்றார்.

காப்பி எடுத்து வைத்திருக்கலாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவர்களை எல்லாம் அறையலாம் போலிருந்தது எனக்கு.

"என்னாலதான் போச்சு சார்" என்று அரவிந்தன் அழுதான்.

"தூங்க வெச்சது நான்தானே. ரெண்டு பேருக்கும் தெரியல, விடுங்க தம்பி" என்றார் பீமராவ்.

மறுபடி வரைய உட்கார்ந்தார். அதற்குள் நேர்க்கோடு வளைந்து தெரிய ஆரம்பித்துவிட்டது, பார்வைக்கு நடுவில் கறுப்புத் திட்டு. முழுக் கதவு ஆகாது, மீன்கொத்தி மட்டும் போதும் என்றார். தான் சரிசெய்து தருவதாக அரவிந்தன் சொன்னதற்கு, "கோடு என்னோடதா இருக்கணும், யாரும் கை வைக்காதீங்க" என்றுவிட்டார். படத்தை நானும் பார்த்தேன். தலை ஓரிடத்தில், உடம்பு ஓரிடத்தில்.

"கழுத்து சேந்திருக்கா தம்பி?"

"சேந்திருக்கு சார்" என்றான் அரவிந்தன். நானும் ஆமாம் போட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மெஷின் குடைந்து முடித்தது. அரவிந்தன் மரத்தூளை ஊதிவிட்டுப் பலகையை அவர் மடியில் வைத்தான். அலகிலிருந்து விரலை ஓட்டினார் பீமராவ். தலையைத் தடவி, கழுத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒன்றுமில்லாத பலகையை இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்தார். எங்கள் இருவர் முகத்துக்கும் நேராக அவர் நிமிரவே இல்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தையும் அழிச்சிடுங்க தம்பி" என்றார்.

அரவிந்தன் அழித்தான்.