தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு: மூன்று முறை நின்ற வேனும் ஒரு கொண்டை ஊசியும்

பழைய வேன் ஒன்றை வாங்கிப் புதுப்பித்திருக்கிறேன், தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு ஓட்டிப் போகப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஒரு தம்பி போன பதிவின் கீழே கேட்டிருந்தார். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். அந்த நாற்பத்தொரு மைலை நான் 1972ஆம் ஆண்டு, ஒரு கிழட்டு வேனில், ஏழு ஆண்பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அதன் பிறகும் பல தடவை ஓட்டியிருக்கிறேன். சொல்லத் தகுந்தது அந்த முதல் தடவைதான். இதில் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேனைப் பற்றி. எங்கள் குடும்பத்துக்குத் தெரணியகலை பஜாரில் பலசரக்குக் கடை இருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரை தன் நாட்டுக்குப் போகும்போது விற்ற வேனை என் மாமனார் வாங்கிப் போட்டார். என்ஜின் முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும். மேலே இருக்கும் மூடியைத் தூக்கினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை பார்க்கலாம். ஓட்டுகிறவரின் இடது கால் வெந்து போகும் என்பது அதற்கான கூலி. கடையில் இருந்த டிரைவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கண்பார்வை மட்டம், லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். டிரைவர் இருந்த நாட்களிலேயே நான் கற்றுக்கொண்டிருந்தேன், லைசென்ஸும் எடுத்திருந்தேன். ஆகவே தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோய் இறக்குகிற வேலை என் கைக்கு வந்தது. எனக்கு வயது இருபத்தாறு. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் தாலி கட்டின அன்றுகூட வரவில்லை. இதை என் வீட்டுக்காரரிடமே சொல்லியிருக்கிறேன்.

என் கொழுந்தன் தியாகு வாலிபால் டீமின் கேப்டன். பஜார் பையன்களும் தோட்டத்துப் பையன்களும் கலந்த டீம். அந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். விஜயதசமி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு இரத்தினபுரியில் ஆட்டம். மூன்று மணிக்குக் கோர்ட்டில் நிற்காவிட்டால் எதிர் டீமுக்கு வெற்றி என்று எழுதிவிடுவார்கள். வாடகை வேன் எதுவும் அகப்படவில்லை. கடைசியில் வீட்டு வேன்தான் என்று ஆனது. ஓட்டப் போவது யார் என்பதில் மாமா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சாமான் ஏத்துறது வேற, ஆளு ஏத்துறது வேற. நீ ஓட்டிட்டுப் போ, நான் வேணாங்கல. ஆனா நடுவழியில வேன் நின்னுச்சுன்னா சாவியைக் குடுத்துடணும். வேற டிரைவர் பார்த்துக்குவோம்" என்றார்.

"நிக்காது மாமா" என்றேன். வாய்க்கொழுப்பு.

முதல் நாள் ஆயுத பூஜை. வேனுக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் அடித்து, கழுவித் துடைத்து, மாலை போட்டோம். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் தியாகுவின் கையில். இறுதிப் போட்டி என்ற பக்தி அவர் கண்ணில் தெரிந்தது. விளக்குகள் வேனுக்குக் கண் என்று அவற்றுக்குப் பொட்டு, கண்ணாடிகள் காது என்று அவற்றுக்குப் பொட்டு, சக்கரங்கள் கால் என்று அவற்றுக்கும் பொட்டு. பின்பக்கம் போய், "வாய்க்கும் வெச்சிடுவோம்" என்று ஏதோ செய்தார். நான் கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றேன். கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். ஆறு ஆட்டக்காரர்கள், ஒரு மாற்று ஆள். தெரணியகலையிலிருந்து அவிசாவளை வரை பதினைந்து மைல், பெரும்பாலும் இறக்கம், இரு பக்கமும் ரப்பர். இந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடியுங்கள், எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது நீங்கள்தான். பையன்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது மைலில் என்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட்டர் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. நின்ற வேனிடம் கேட்க இரண்டே கேள்விதான்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா. பிளக் வயரைக் கழற்றி என்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தியாகுவை ஸ்டார்ட்டர் போடச் சொன்னேன். நல்ல நீலப் பொறி. சரி, பெட்ரோல். பம்பின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு, அதில் பெட்ரோல் தெரிய வேண்டும். கிண்ணம் காலி.

டீமின் உயரமான ஆள் சுமணபால தலையை உள்ளே நீட்டி, "அக்கே, பெட்ரோல் தியெனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இருக்கு சுமணே, நேத்துதான் நிரப்பினோம். நம்பிக்கை இல்லன்னா போய்ப் பாருங்க."

நம்பிக்கை இல்லை. தியாகு பின்னால் போய் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, "இருக்குங்க அண்ணி" என்று மூடினார். அந்த நேரத்தில் நான் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்த சல்லடையைத் துடைத்து மாட்டினேன். கொஞ்சம் தூசி இருக்கத்தான் செய்தது. பம்பின் கைப்பிடியை நாலு தடவை அசைத்ததும் பெட்ரோல் குபுகுபுவென்று வந்தது. என்ஜின் பிடித்தது. பையன்கள் கை தட்டினார்கள். சல்லடைதான் காரணம் என்று நான் நம்பிவிட்டேன். பன்னிரண்டு பத்துக்கு மறுபடியும் கிளம்பினோம்.

அவிசாவளையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம், பால் விடாத டீ, கிளாஸ் பத்துச் சதம். அங்கிருந்து இரத்தினபுரிக்கு இருபத்தாறு மைல். அந்தக் காலத்தில் பாதையோடு பாதையாகச் சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மைல் தாண்டி கெட்டஹெத்தைக்குப் பக்கத்தில் வேன் மறுபடியும் இருமி நின்றபோது அந்த ரயில் பின்னாலிருந்து வந்தது. ஏழு பேர் வேனைத் தள்ளிக்கொண்டிருக்க, கார்டு எட்டிப் பார்த்து, தள்ளினது போதும், எல்லாரும் இதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் கத்தினார். ரயில் முழுக்கச் சிரித்தது. அதைவிட மோசம், எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பிப் போகிற பஸ் ஒன்று எதிரே வந்தது. கண்டக்டர் எங்கள் கடையில் அரிசி வாங்குகிறவர். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாமாவின் காதுக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேரும் என்று தெரிந்துவிட்டது.

கிண்ணம் மறுபடியும் காலி. சல்லடை சுத்தம். அப்படியானால் குழாயில் அடைப்பு. பம்பிலிருந்து குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதப் போனேன். தியாகுவிடம், "தம்பி, பின்னால மூடியைத் திறந்து வெச்சிட்டுக் கேளுங்க. உள்ள குமிழ் சத்தம் வரணும்" என்றேன். ஊதினேன். வாய் முழுக்கப் பெட்ரோல். "வருதுங்க அண்ணி, நல்லாவே வருது" என்று குரல் கொடுத்துவிட்டு மூடினார். குழாயை மாட்டினேன், பெட்ரோல் வந்தது, வேன் கிளம்பியது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

மூன்றாவது தடவை எஹெலியகொடை தாண்டி, பரகடுவையில் ஒரு ஏற்றத்தில். மணி இரண்டுக்கு ஐந்து நிமிடம். இன்னும் பதினான்கு மைல். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பையன்கள் அந்த ஏற்றத்தில் வேனைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர்களுடைய கால்கள் நடுங்கின. இறுதிப் போட்டி ஆட வேண்டிய கால்கள். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது, அதனால் அழவில்லை.

"பஸ்ஸுல போயிருக்கலாம்" என்றார் தியாகு, என்னைப் பார்க்காமல்.

"எல்லாரும் போய் அந்த மரத்தடியில உக்காருங்க. காலை நீட்டிக்கங்க. யாரும் வேனைத் தொட வேணாம்" என்றேன்.

ஸ்பேனரை எடுக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். முதல் தடவை சல்லடையைத் துடைத்தேன், வேன் ஓடியது. இரண்டாம் தடவை சல்லடை சுத்தம், குழாயை ஊதினேன், ஓடியது. குழாயிலும் அடைப்பு இல்லை, அதைத் தியாகுவே கேட்டுச் சொன்னார். நான் செய்த இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டு தடவையும் நடந்த ஒரே காரியம் தியாகு பெட்ரோல் மூடியைத் திறந்ததுதான்.

பின்பக்கம் போய் மூடியில் கை வைத்துத் திருகினேன். அது நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது. முன்பு இரண்டு தடவையும் பக்கத்தில் ஆள் சத்தம், வண்டிச் சத்தம். இப்போது ரோடு அமைதியாக இருந்ததால் கேட்டது. மூடியைக் கழற்றி உற்றுப் பார்த்தேன். நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்து ஓடாகியிருந்தது. அந்த மூடியின் நடுவில் குண்டூசி அளவில் ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டேங்குக்குள் காற்றுப் போக வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. டேங்க் முட்ட முட்ட இருந்ததால் சீக்கிரமே மாட்டிக்கொண்டது. வேனின் வாய்க்கு வைத்த பொட்டு அதன் மூக்கை அடைத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை.

தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவித் துளையைக் குத்தினேன். வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். காற்றுப் போனது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், எனக்குக் கொண்டை ஊசி போதுமாக இருந்தது. மூடியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். வேன் உறுமியது.

பையன்கள் ஓடிவந்தார்கள். "என்னங்க அண்ணி கோளாறு?" என்று தியாகு கேட்டார்.

என் நாக்கு நுனியில் இருந்தது. என்னைப் பார்க்காமல் பஸ்ஸைப் பற்றிப் பேசிய ஆளுக்கு நல்ல பதில் வைத்திருந்தேன். ஆனால் அவர் கேப்டன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் ஆட வேண்டும். தன் டீமின் காலை ஒடித்தது தன் பொட்டுதான் என்று தெரிந்தால் ஒரு பந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

"தூசி" என்றேன். "ஏறுங்க."

அந்தப் பதினான்கு மைலும் வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வேனின் கோளாறைக் கண்டுபிடித்ததைவிட அதுதான் பெரிய காரியம். குருவிட்டையில் மழை பிடித்தது, இரத்தினபுரியில் விட்டது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்தில் போய் நிறுத்தினேன். முதல் செட் தோற்றார்கள், கால் எழும்பவில்லை. அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். கடைசிப் பந்தை அடித்தது தியாகு. நான் வேனின் படியில் ஏறி நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திரும்பும்போது குருவிட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே சொன்னேன். தியாகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வேனுக்குப் பின்னால் போய் மூடியைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் அந்தக் குங்குமம் மாதிரி இருந்தது. சுமணபால அவரைத் தெரணியகலை வரை விடவில்லை. "பூசாரி மஹத்தயா", அதாவது பூசாரி ஐயா என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தோம். மாமா கடையின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தியாகு கையிலிருந்த வெற்றிக் கப்பைப் பார்த்துச் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேன் நின்னுச்சாமே?"

"நின்னுச்சு மாமா. மூணு வாட்டி" என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்தேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

"நான் வெச்ச பொட்டுப்பா" என்றார் தியாகு. "பெட்ரோல் மூடியில வெச்சு ஓட்டையை அடைச்சிட்டேன். அண்ணி கண்டுபிடிச்சாங்க. வேற யாரு ஓட்டியிருந்தாலும் நாங்க இன்னும் பரகடுவையிலதான் நிப்போம். அண்ணிக்கு அங்கயே தெரியும், மேட்ச் முடியற வரைக்கும் எங்கிட்ட சொல்லல."

மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூடியைத் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, நேராகச் சாப்பிடப் போய்விட்டார். சாவி மேசையிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. காலையில் தோட்டத்துக்கு அரிசி போக வேண்டியிருந்தது, நான் எடுத்தேன்.

தம்பி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்தச் சின்ன ரயில் இப்போது இரத்தினபுரிக்கு இல்லை, ஆகவே உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆள் குறைவு. ஐப்பசியில் போனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு மழையை எதிர்பாருங்கள். வேன் நின்றால் முதலில் பொறி, பிறகு பெட்ரோல். பெட்ரோல் இருந்தும் வராவிட்டால் ஸ்பேனரைத் தூக்குமுன் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். எது செய்த பிறகு வேன் ஓடியது என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் வேறு யார் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஒரு கொண்டை ஊசி வைத்துக்கொள்ளுங்கள், முடி இல்லாவிட்டாலும்.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. தியாகு சந்தனக் கிண்ணத்தோடு வேனைச் சுற்றி வந்தார். கண்ணுக்கு வைத்தார், காதுக்கு வைத்தார், காலுக்கு வைத்தார். பின்பக்கம் போனவர் கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றார்.

"அங்க வேணாம்" என்றார் மாமா. "சாவிக்கு வை. உங்க அண்ணிகிட்ட இருக்கு."

நான் உள்ளங்கையை விரித்து நீட்டினேன்.