சத்து மாத்திரைக் கவர்

எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். காலையில் மாதா கோயில் பூசை, மத்தியானம் நிதானமாக ஒரு சாப்பாடு, அப்புறம் தூக்கம். அதிலும் மண்ணைப் போட்டார்கள். எங்களைப் போன்ற சாதாரண டாக்டர்களுக்கு மூளை, நரம்பு பற்றி ஒருநாள் பயிற்சி, விழுப்புரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில், அவசியம் வர வேண்டும் என்று கடிதம். தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் கிளினிக் திறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவளுக்கு இனிமேல் என்ன பாடம் என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பாடம் நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த நரம்பு டாக்டர். என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வந்துவிட்டது, சில மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்று படம் படமாகக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "சார், எங்க பக்கத்துல கை கால் விழுந்தா மொதல்ல புறா ரத்தம் தேய்ப்பாங்க. மூணாம் நாள்தான் என்கிட்டயே வருவாங்க. உங்க ஊசிய நான் யாருக்குப் போடறது?" என்றேன். "விழிப்புணர்வு வேணும் மேடம்" என்றார். அட போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மத்தியானப் பாடம் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தள்ளாடி நடப்பவர்களை எப்படிப் பரிசோதிப்பது என்று தானே நடந்து காட்டினார். "திடீர்னு வந்த தள்ளாட்டம்னா பக்கவாதமான்னு பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா வந்துதுன்னா, ஸ்கேனுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேளுங்க" என்றார். நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தக் கோட்டுக்கு வேலை வந்த கதையைச் சொல்ல, முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனமலைப் பக்கத்துப் பெண். பத்தாவது படிக்கும்போது வலிப்பு வந்து, அவள் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். ராத்திரி மூன்று மாத்திரை கொடுத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. நான்கு வருஷம் கழித்து மனுஷர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். திண்டிவனத்திலேயே மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம், நல்ல குடும்பமாம், எங்கள் கோயில் பங்குதானாம்.

"அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா டாக்டரம்மா நீங்க! சொன்னா எவன் கட்டுவான்? நாலு வருசமா ஒண்ணும் இல்லியே. மாத்திரைய மட்டும் மேல பேரு கீரு இல்லாம குடுத்துடுங்க, நானே மாசாமாசம் வாங்கிக்கினு போய்க் குடுத்துடறேன்."

கத்தினேன். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி, இதில் மறைக்க என்ன இருக்கிறது, நாளைக்குத் தெரிந்தால் பெண்ணின் கதி என்ன என்று தொண்டை வறளும்வரை கத்தினேன். எல்லாம் கத்திவிட்டு என்ன செய்தேன்? பெரிய டப்பாவிலிருந்து மாத்திரையைக் கொட்டி, எண்ணிக் கவரில் போட்டு, மேலே என் கையாலேயே 'சத்து மாத்திரை, இரவு 3' என்று எழுதினேன். கல்யாணம் ஆக வேண்டிய எத்தனையோ பெண்களுக்கு அப்படி எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதிய கை என்னுடையதுதானே.

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் படிக்கும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலிப்பு ஒன்றும் தடை இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நிமிர முடியவில்லை.

கல்யாணமாகி ஐந்தாறு மாதம் இருக்கும். பெண்ணின் அப்பா மாதம் பாதியிலேயே வந்து, "மாத்திரை தீந்துடுச்சுங்க" என்றார். எப்படித் தீரும் என்றேன். எங்கேயோ கொட்டிவிட்டாள் என்றார். எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் கூட்டம். "இது இன்னா மல்லாக்கொட்டையா, கொட்டிட்டேன் கொட்டிட்டேன்னு வந்து அள்ளிக்கினு போறதுக்கு? பாத்து வெச்சுக்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்து, பத்து நாளுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினேன். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விழுப்புரம் பயிற்சி முடிந்த அடுத்த வாரம், அந்தப் பெண்ணே தன் மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமியார் ஒடிசலான, வாய் ஓயாத மனுஷி. இரண்டு மாதமாகக் கால் நிதானத்தில் இல்லையாம்.

"குடிகாரன் மாரி நடக்குறேன் டாக்டரம்மா. கோயிலுக்குப் போனா பொம்பளைங்க சிரிக்கிறாளுங்க. பெரிய பேஜாரா கீது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், குஷிதான். படித்ததைச் செய்துபார்க்க ஆள் கிடைத்துவிட்டது. நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னேன், இரண்டாவது அடியிலேயே சாய்ந்தார். என் விரலைப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நகர்த்தினேன், கண்மணி இரண்டும் தடதடவென்று ஆடின. நோட்டில் போட்ட இரண்டு கோடும் நினைவுக்கு வர, "ஏதாவது மாத்திரை சாப்புடறீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு நோவும் இல்லியே, நான் எதுக்கு மாத்திரை சாப்புடப் போறேன்?"

மருமகள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வி கேட்டுவிட்டேன், பதில் வந்துவிட்டது, முடிந்தது. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்து விழுப்புரத்துக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் படத்தோடு வந்தார்கள். படத்தில் ஒன்றுமே இல்லை. தள்ளாட்டம் மட்டும் முன்னைவிட மோசம். மறுபடி மாமியாரை நடக்கவிட்டு, குனிந்து அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் மருமகள் தரையில் கிடக்கிறாள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயில் நுரை.

மாமியார் "ஐயோ மாதாவே!" என்று அலறினார். பத்து வருஷமாக என்னிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர், எத்தனை தடவை சொல்லியிருப்பேன், சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதைப் பிடுங்கி ஓரமாக வீசினேன். பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப்பக்கம் துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தலையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது.

கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும், "மாத்திரை போடறியா இல்லியாடி?" என்றேன். மாமியார் பக்கத்தில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

அவள் அழ ஆரம்பித்தாள். "மாத்திரை பத்தலீங்க. நான் எப்பவாவது ஒண்ணுதான் போடறேன். மீதி அத்தைக்குக் குடுத்துடறேன்."

"அத்தைக்கா?"

மாமியார்தான் பதில் சொன்னார். "சத்து மாத்திரைதானே டாக்டரம்மா? இவ நைட்டானா மூணு போடறதப் பாத்தேன், எனக்கும் ஒடம்பு அசதியா இருக்குது, எனக்கும் குடும்மான்னேன். நானும் மூணு போடறேன். அது சத்துதானே, நீங்க நோவு மாத்திரையத்தானே கேட்டீங்க?"

உட்கார்ந்துவிட்டேன். வலிப்பு மாத்திரை அளவுக்கு மீறினால் தள்ளாட்டம் வரும், கண் ஆடும். எம்.பி.பி.எஸ். பாடம் இது. மருமகளுக்கு மாத்திரை பற்றாமல் வலிப்பு, மாமியாருக்குத் தேவையே இல்லாத மாத்திரையால் தள்ளாட்டம். இரண்டு பேரையும் ஒரே கவரால் படுக்க வைத்திருக்கிறேன்.

கோபத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே, அந்தப் பெண்மேல் காட்டினேன். "ஏன்டி, வாயைத் தொறந்து போடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிங்க சொல்றது? அப்பாகிட்ட சொன்னேன், மூச்சு விடாதன்னுட்டாரு. மாத்திரை கூட வேணும்னு கேட்டதுக்கு நீங்க திட்டி அனுப்பிட்டீங்கன்னாரு. அத்தை தள்ளாடறதப் பாக்கப் பாக்க எனக்குத் தூக்கமே இல்லீங்க. அதான் ஸ்கேன் எடுக்க நானே இட்டுக்கினு போனேன்."

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாவதில் வந்தது, நான்கு வருஷம் வராமல் இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் வராது, பிள்ளை பெறுவதற்கு முன்னால் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும், எல்லாம். அவர் ஸ்கேன் படத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பெண் தலையை நிமிர்த்தவில்லை. இன்றோடு இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மின்னாடியே தெரிஞ்சிருந்தா வேணாம்னுதான் சொல்லி இருப்பேன்" என்றார் மாமியார். "பொய் சொல்ல மாட்டேன். இப்போ எட்டு மாசமா எங்கூட ஒரே தட்டுல சாப்புட்டுக்கினு கீறா. எங்க அனுப்பறது? அதுக்காவ நீங்க செஞ்சது சரின்னு நெனச்சிக்காதீங்க. இவ அடுப்பாண்ட விழுந்திருந்தா? நான் கெணத்தாண்ட விழுந்திருந்தா? படிச்சவங்கதானே நீங்க?"

பத்து வருஷத்தில் நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சேலையை உதறிக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தார். "ஒரு மாசத்துக்கு மாத்திரை குடுங்க. இனிமே இவ அப்பன் வர வேணாம், நானே வந்து வாங்கிக்கறேன். மேல பேரு எழுதுங்க."

"எந்தப் பேரு?"

"இவ பேரு, மாத்திரை பேரு, நோவு பேரு. மூணும்."

எழுதினேன். கிளினிக் திறந்த நாளிலிருந்து ஒரு கவரின்மேல் வலிப்பு என்று எழுதியது அதுதான் முதல் தடவை. என்ன பழக்கமோ, அந்த ஒரு வார்த்தை மட்டும் ஓரமாக, பொடியாக விழுந்தது.

மாமியார் கவரை வாங்கி, கையை நீட்டி எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேஜைமேல் திரும்ப வைத்தார்.

"கண்ணு தெரியல டாக்டரம்மா. பெருசா எழுதுங்க."