சத்தம் போடாத லேப்டாப்

ஆபீஸில் அவளை ஸ்கேல் அக்கா என்பார்கள். கட்டட வரைபடம் போடும் வேலை. திரையில் அளவெல்லாம் தானாக வந்து நின்ற பிறகும், சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் திரையின்மேல் வைத்துப் பார்ப்பாள். அதனால் எதுவும் தெரியப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். கை கேட்காது.

வீட்டிலிருந்தே வேலை செய்ய முதலாளி ஒப்புக்கொண்டார். லேப்டாப் வாங்கித் தருவதாகவும் சொன்னார். எது வேண்டும் என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் முழு முப்பரிமாண மாடலும் அதில் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் கணவர் படுத்திருந்தார். கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. எலும்பெல்லாம் கூடிவிட்டது. சத்தம்தான் அவருக்கு ஆவதில்லை. மிக்சி ஓடினால் வாந்தி எடுப்பார். சீலிங் ஃபேனைக்கூட நிறுத்தியாகிவிட்டது. பகலில் அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய தங்கை. அவள் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறாள்.

"நான் போனப்புறம் என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"லேப்டாப் வருது."

"அது அண்ணனுக்கு ஊட்டி விடுமா?"

"நான் ஊட்டுவேன். அது பக்கத்துல சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்குமா என்பதுதான் கவலை. அவர்களுடையது ஒரே அறை. சமையலறைக்கு நிலை உண்டு, கதவு கிடையாது. வருகிற மெஷின் இரைந்தால் அவள் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் அவரை ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். மூன்றாவது வழியை யோசித்து யோசித்து அலுத்துவிட்டாள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவனை எல்லோரும் சிஸ்டம் என்றே கூப்பிடுவார்கள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பணம் அடுத்தவருடையது என்பதால் உற்சாகமாக இருந்தான்.

"கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதுலயே பெருசாப் போட்டுருவோம்க்கா. மாடல் பம்பரமாச் சுத்தும்."

"பெருசு போட்டா சூடாகும்ல?"

"ஆகும். அதுக்குத்தான் உள்ள ஃபேன் இருக்கே."

"அப்ப சின்னதாப் போடு. மெமரியைக் கூட்டிக்கோ."

"மெமரி கூடினா ஃபைல் திறக்கும். திருப்பும்போது திணறும்க்கா."

"திணறட்டும். நானும்தான் திணறுறேன்."

பளபளக்கும் திரை வேண்டாம் என்றாள், வெளிச்சம் சுவரில் அடித்து அவர் கண்ணில் விழும். கிளிக் சத்தம் வராத மவுஸ் கேட்டாள். விசைகளுக்கு அடியில் விளக்கு வேண்டாம். சூடு தணிக்கும் தட்டு ஒன்று இலவசமாக வருகிறது என்றான் சிஸ்டம்.

"அதுல என்ன இருக்கு?"

"ரெண்டு ஃபேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "சரி, வேண்டாம்" என்றான்.

கடையில் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று மெலிசு, மற்றது தடிமன். அவள் பைக்குள்ளிருந்து பென் டிரைவை எடுத்து, ஆஸ்பத்திரி மாடலைத் திறந்து திருப்பச் சொன்னாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் காதை வைத்தாள். கடைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது.

"இங்க ஒண்ணும் கேக்கலையே. அமைதியான இடம் ஏதாவது இருக்கா?"

விற்பனையாளருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார். "எல்லாரும் கண்ணால பார்த்து வாங்குவாங்க. நீங்க நாடி பிடிச்சு வாங்குறீங்க" என்றார். ஆனாலும் அழைத்துப்போனார். பின்னால் சரக்கறை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு லேப்டாப்பையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மெலிசானது கொஞ்ச நேரத்திலேயே சீறத் தொடங்கியது. தடிமனானது மூச்சுகூட விடவில்லை. மாடல் மெதுவாகத் திரும்பியது, ஆனால் திரும்பியது. அவள் அதன்மேல் காதை வைத்தபடியே இருந்தாள்.

"மேடம், தூங்கிட்டீங்களா?"

"இல்லைங்க. இதையே குடுங்க."

தங்கை ஊருக்குப் போன மறுநாள் காலை, கட்டிலுக்குக் கால்மாட்டில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தாள். சார்ஜரைச் செருகி மாடலைத் திறந்தாள். கீழ்த்தளத்தை முடித்து மேலே ஏறுவதற்குள் ஃபேன் எழுந்துவிட்டது. கடையில் சீறியதைவிட இது மோசம். அவர் தலையணையை முகத்தின்மேல் அழுத்திக்கொண்டார்.

"நிறுத்தும்மா. நிறுத்து."

நிறுத்தினாள். சமையலறைக்குப் போய் சிஸ்டத்துக்குப் போன் போட்டாள். குரலை அடக்கிப் பேசினாள்.

"கடையில கம்முனு இருந்துச்சு தம்பி. இங்க வந்து கத்துது."

"கடையில சார்ஜர் போட்டா பாத்தீங்க?"

சரக்கறையில் பிளக் பாயின்டே இல்லை. அட்டைப்பெட்டி மேல்தான் வைத்திருந்தார்கள்.

"பேட்டரியில ஓடினா அது பாதி பலத்துலதான் ஓடும்க்கா. அதான் சத்தம் வரலை. கரன்ட்டுல மாட்டினா முழு பலத்தையும் காட்டும். செட்டிங்ஸ்ல அமைதின்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தாள். ஃபேன் அடங்கியது. அவள் காதுக்கு எதுவும் கேட்கவில்லை. "கொசு மாதிரி ஒண்ணு பாடுது" என்றார் அவர். சார்ஜரைப் பிடுங்கினாள். "போயிருச்சு" என்றார். மறுபடி செருகினாள். அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

மெஷினைத் திருப்பி அனுப்ப முடியாது. பெட்டியைப் பிரித்தாயிற்று, அவள் கேட்டபடி மெமரியும் கூட்டியாயிற்று. சின்ன கார்டு கேட்டு வாங்கியது அவள்தான். அதையும் பாதி பலத்தில் ஓட்ட வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்ப்பதுபோல் காதை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து பேட்டரியில்தான் வேலை. மாடலைத் திருப்பச் சொல்லிவிட்டு, அது திரும்புவதற்குள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். பேட்டரி தீர்ந்ததும் அணைத்து, சமையலறை மேடையில் சார்ஜ் போடுவாள். அணைத்துவிட்டால் கொசுவும் இல்லை. சார்ஜ் ஏறி முடிகிறவரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முதல் நாள் அந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்தாள். சத்தம் வராமல் பாத்திரம் தேய்ப்பது லேப்டாப் வாங்குவதைவிடக் கஷ்டம். அடுத்த நாளிலிருந்து கட்டிலருகே தரையில் படுத்துக் கண்ணயர்ந்தாள்.

முதலாளி போன் செய்தார். "என்னம்மா, புது மெஷின் வாங்கியும் ஆமை மாதிரி வருது?"

"வருதுல்ல சார்."

அவர் சிரித்தாரா, சலித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரைபடங்கள் போய்ச் சேர்ந்தன. முதலாளி மறுபடி கூப்பிடவில்லை. வேலை போகவில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் சிஸ்டம் கூப்பிட்டான்.

"அக்கா, பெரிய சார்ஜர் ஒண்ணு வந்திருக்கு. சட்டுனு ஏறிடும். அனுப்பி வைக்கட்டுமா?"

அவள் தரையில் படுத்தபடியே பேசினாள்.

"வேண்டாம் தம்பி."

"சும்மாதான்க்கா. ஆபீஸ் கணக்குல."

"இருக்கட்டும் தம்பி. இதுவே போதும்."

கட்டிலிலிருந்து அவர் கேட்டார். "யாரு?"

"சிஸ்டம். சார்ஜ் சீக்கிரம் ஏற ஒண்ணு தரானாம்."

"நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னுட்டேன்."

அவர் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அவளுடைய தலை அருகில்தான் இருந்தது. தொடவில்லை.

"நல்லது" என்றார். "ஏறட்டும், மெதுவா."

அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.